ஹெரால்டின் பிரேக்: டிரம்மைத் திருத்துவதா, டிஸ்க்குக்குத் தாவுவதா?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பழைய காரை வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தவர்கள் பலர் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி: "முன்னாடி டிஸ்க் மாட்டிடலாமா?" விற்றவர் "பிரேக் பக்கா சார், ரெண்டு தடவ பம்ப் பண்ணி மிதிச்சா அப்படியே நிக்கும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்திருப்பார். அந்த இரண்டு தடவைக்கு நேரம் இருக்காது என்பது, அண்ணா சாலையில் முன்னால் போகும் பேருந்து சட்டென நிற்கும்போது தெரியவரும். அந்தப் பயத்தில்தான் டிஸ்க் ஞாபகம் வருகிறது. வண்டியில் இருப்பது டிரம்: சக்கரத்தோடு சுழலும் கிண்ணத்தின் உட்சுவரை, வளைந்த ஷூ உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும். டிஸ்க் என்றால் சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வி நிறுத்தும்; பேடைப் பிடித்து அழுத்தும் பாகம் காலிப்பர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் நிதானமாக ஓடப்போகிற ஹெரால்டுக்கு டிஸ்க் அவசியமில்லை. அந்தப் பணம் அதற்கு முன்னால் போக வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. மலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் கணக்கு மாறும், அதையும் பார்ப்போம்.

இந்த வண்டியில் இருப்பது என்ன

இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான், 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடல், அதற்கடியில் தனிச் சேஸி, 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் எஞ்சின் 1147, 1296 என்று பெருத்துக்கொண்டே போனது. நம் வண்டி 948-லேயே நின்றுவிட்டது. இது பிரேக்குக்கு நல்ல செய்தி. வண்டி எடை 800 கிலோ சொச்சம்தான். முக்கி முக்கி ஓட்டினாலும் பெரிய வேகம் வராது. முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7 அங்குல டிரம், கிர்லிங் கம்பெனியின் ஹைட்ராலிக். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இது இந்த எடைக்கும் வேகத்துக்கும் போதுமான பிரேக். நம்மிடம் வந்து சேரும்போது அது அந்த நிலையில் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இதில் ஒரே ஒரு விஷயம் இன்றைய கார்களிலிருந்து அடிப்படையில் வேறு: சர்க்யூட் ஒன்றுதான். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பிரேக் ஆயில் ஒரே பாதையில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. நான்கில் எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்றின் ரப்பர் கப் கிழிந்தாலும், பெடல் தரையைத் தொடும். நான்கு சக்கரத்திலும் பிடிமானம் போய்விடும். அமெரிக்காவில் 1968 முதல் பயணிகள் கார்களுக்கு இரட்டைச் சர்க்யூட் கட்டாயமானது இதற்காகத்தான். ஹெரால்டு ஓட்டுகிறவருக்கு அப்போது மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். ஆகவே இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்தான் இரண்டாவது பிரேக். பார்க்கிங்குக்கு மட்டும் என்று நினைத்துத் துருப்பிடித்த கேபிளை அப்படியே விட்டுவிடக் கூடாது. வண்டி வந்தவுடன் முதலில் சரிசெய்ய வேண்டியது எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். செலவும் இருப்பதிலேயே குறைவு.

கோளாறு எங்கே என்று பெடலே சொல்லும்

எதை மாற்றுவது என்று ஒப்பிடுவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். வண்டியை நிறுத்திவைத்தே பாதியைக் கண்டுபிடிக்கலாம்.

பெடலை ஒரே சீராக மிதித்து ஒரு நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கோ ஒழுகுகிறது. அல்லது மாஸ்டருக்குள்ளேயே கப்பைத் தாண்டி ஆயில் திரும்புகிறது. வெளியே சொட்டுக்கூட இல்லை, ரிசர்வாயரில் (ஆயில் டப்பாவில்) ஆயிலும் குறையவில்லை என்றால் மாஸ்டர்தான். முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே இரண்டாம் மிதியில் மேலே நின்றால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. அட்ஜஸ்ட் பண்ணினாலே தீரும். விற்றவர் சொன்ன "ரெண்டு பம்ப்" இதுவாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பஞ்சு மாதிரி மிதிபட்டால் லைனில் ஏர் இருக்கிறது, அல்லது பழைய ஹோஸ் மிதிக்கும்போது உப்புகிறது. பெடல் கல் போல நிற்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஷூவின் மேல் பதித்த லைனிங் கண்ணாடியாக மினுங்கிப்போயிருக்கும். பின் ஹப் சீல் ஒழுகி லைனிங் கிரீஸில் ஊறிக்கிடப்பதும் உண்டு.

பிரேக் அடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறதா? கோளாறு பெரும்பாலும் வலப்பக்க முன் சக்கரத்தில். இடது சக்கரம் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், வலது சும்மா இருக்கும். இடதைக் கழற்றி மணிக்கணக்கில் நோண்டுவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம்.

சக்கரம் விடுபடாமல் உரசிக்கொண்டே சூடாகிறது என்பது இன்னொரு வகை. அந்தச் சக்கரத்தில் ஏர் வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து உடனே சக்கரம் சுழன்றால், லைனில் அழுத்தம் சிக்கியிருக்கிறது. ஹோஸின் உட்சுவர் உப்பி வழியை அடைத்திருக்கலாம். மிதியின் பலத்தில் ஆயில் உள்ளே போகும், ஷூ ஸ்பிரிங்கின் பலத்துக்குத் திரும்பி வராது. ஹோஸ் வெளியே புதிது போல மினுங்கினாலும் உள்ளே இப்படி இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ ஷூவோ ஹேண்ட் பிரேக் லீவரோ ஜாம். நான்கு சக்கரமும் சேர்ந்து உரசினால் மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ்ராடில் ஃப்ரீ பிளே, அதாவது சிறு இடைவெளி, இல்லை. ஆயில் திரும்பி வரும் சிறு துளை அடைபட்டே இருக்கிறது.

பின் சக்கரத்தில் ஹெரால்டுக்கே உரிய ஒரு நோய் உண்டு. அங்கே வீல் சிலிண்டர் பேக் பிளேட்டில் இறுக்கமாகப் பூட்டப்பட்டதல்ல. முன்னும் பின்னும் சறுக்க வேண்டும். ஒரு பிஸ்டன் ஒரு ஷூவைத் தள்ளும், சிலிண்டர் எதிர்ப்பக்கம் சறுக்கி மற்றதைத் தள்ளும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தச் சறுக்கல் துருவில் இறுகிவிடும். அப்புறம் ஒரு ஷூ மட்டும் தேயும், ஹேண்ட் பிரேக் எத்தனை பல் இழுத்தாலும் பிடிக்காது. ரப்பர் கிட் மாற்றி, லைனிங் மாற்றி, ஏர் எடுத்து எல்லாம் செய்தும் "பின் பிரேக் வேலையே செய்யல சார்" என்று கையைப் பிசைகிறவர்கள் இந்த ஒன்றை விட்டிருப்பார்கள். கழற்றி, துருவைச் சுரண்டி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மிகச் சிறிதளவு தடவி, விரலால் தள்ளினால் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எந்தப் புகார் சொன்னாலும் பட்டறையில் முதல் பதில் "ஏர் எடுத்தா சரியாயிடும் சார்" என்பதே. பல வருடம் அசையாமல் நின்ற வண்டியில் இது ஆபத்து. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டரின் பிஸ்டன் சிலிண்டரின் ஒரு பகுதியில்தான் போய்வரும்; அதற்கு அப்பால் உள்ள பகுதி துருவும் கசடுமாகக் கிடக்கும். ஏர் எடுக்கப் பெடலைத் தரைவரை மிதிக்கும்போது ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். காலையில் ஓரளவு பிடித்த பிரேக் சாயங்காலம் முழுதாகப் போய்விடும். எனவே கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏர் எடுக்க வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் விடாதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாதது. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூர எறியச் சொல்லுங்கள்.

கிட், ஸ்லீவ், புது சிலிண்டர்

சிலிண்டரைக் கழற்றிய பிறகு மூன்று வழி. முதலாவது, ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது. சில நூறு ரூபாயோடு முடியும். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல இருந்தால் இதுவே போதும், வேறெதுவும் செய்ய வேண்டாம். விளக்கைப் பிடித்துப் பாருங்கள், நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுகிற குழி ஒன்று இருந்தாலும் கிட் வீண். சில மாதத்தில் திரும்ப ஒழுகும். அது நடுரோட்டில் தெரியவரும். ஹோனிங் போட்டு, அதாவது உட்சுவரைக் கல்லால் தேய்த்து, சமாளிக்கலாம் என்பார்கள். லேசான கறை போகும், குழி போகாது. குழி போகுமளவு தேய்த்தால் விட்டம் கூடி, கப் சரியாக இறுகாது.

இரண்டாவது, ஸ்லீவ். பழைய சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைக் குழாயை இறுக்கி, பழைய அளவுக்கே கடைந்து மெருகேற்றுவது. கோவை மாதிரி லேத் பட்டறை மலிந்த ஊர்க்காரர்களுக்கு இது கைக்கெட்டும் வேலை. வெளியே பழைய கிர்லிங் வார்ப்பு அப்படியே இருக்கும், உள்ளே துரு ஏறாது. மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு இது புது சிலிண்டரைவிட மேல். புதிய இரும்புச் சிலிண்டர் நம் கடலோர ஈரத்தில் மறுபடி குழி விழத் தொடங்கும். ஆனால் ஸ்லீவ் வேலையில் நல்லவர், மோசமானவர் என்ற வித்தியாசம் மிகப் பெரிது. குழாய் இறுக்கமாக உட்கார வேண்டும், பின்னால் ஆயில் கசியக் கூடாது, மாஸ்டரில் ஆயில் திரும்பும் துளையைத் திரும்பப் போடும்போது உட்புற விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது. பிசிறு நின்றால் புதுக் கப்பை அது முதல் நாளே சீவிவிடும். அந்தக் கைக்காரர் இதற்கு முன் பிரேக் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். பைக் எஞ்சின் ஸ்லீவ் போட்ட அனுபவம் இதற்குப் போதாது.

மூன்றாவது, புதியது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பெட்டி பிரிக்காத பழைய சரக்கு சிலசமயம் அகப்படும். பெட்டி புதிதாக இருக்கும், உள்ளே ரப்பர் உங்கள் வண்டியின் வயதை நெருங்கியிருக்கும். வாங்கினால் கிட்டை மாற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். இன்னொரு வழி இங்கிலாந்து. அங்கே டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் புதிதாகப் பாகம் செய்து விற்கிறார்கள். நம் வண்டியும் அடிப்படையில் அதேதான். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்த்தால் பாகத்தின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. அத்துடன் ஆர்டர் போடும் முன் சிலிண்டர் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 60 வருடத்தில் யாரோ ஒரு மெக்கானிக் அம்பாசடர் பாகத்தையோ ஃபியட் பாகத்தையோ பொருத்தியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

என் தேர்வு: வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் ஸ்லீவ். மாஸ்டர் மட்டும், கைராசியான ஸ்லீவ் பட்டறை தெரிந்தால் ஸ்லீவ், இல்லையென்றால் இங்கிலாந்திலிருந்து புதியது. சிங்கிள் சர்க்யூட்டில் மாஸ்டர்தான் எல்லாம். அதில் பரிசோதனை வேண்டாம். மாஸ்டர், எஞ்சின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடான ஃபயர்வாலில், கிளட்ச் மாஸ்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்பக்க உடல் முழுவதும் பானட்டோடு சேர்ந்து முன்னோக்கித் திறப்பதால் நின்றுகொண்டே கழற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஹெரால்டை மெக்கானிக்குகள் விரும்புவார்கள். கழற்றும் கையோடு கிளட்ச் மாஸ்டரையும் பாருங்கள், அதுவும் அதே வயசுதான்.

ஹோஸும் பைப்பும் லைனிங்கும்

இங்கே ஒப்பிட அதிகமில்லை. ஹோஸ் எல்லாம் புதிது, யோசனையே வேண்டாம். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் அழகாக இருக்கும், கொஞ்சம் குறைவாக உப்பும். ஆனால் உள்குழாய் கெட்டால் வெளியே தெரியாது. நல்ல சாதா ரப்பர் ஹோஸே எனக்குப் போதும்.

பைப்பில் ஸ்டீலா, செம்பு-நிக்கல் கலவையா என்ற கேள்வி உண்டு. ஸ்டீல் மலிவு, எங்கும் கிடைக்கும், துருப்பிடிக்கும். செம்பு-நிக்கல் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்புக் குழாயை மட்டும் வாங்காதீர்கள். அதிர்வில் இறுகி, விரிசல் விடும். ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமிருந்த செம்பை வாங்கிப் பிரேக்குக்கு வளைத்துப் போட்ட வண்டிகள் நம் ஊரில் உண்டு. அப்படி ஒன்று உங்களுக்கு வாய்த்திருந்தால் அன்றே கழற்றுங்கள்.

லைனிங்கில் நமக்கு ஒரு வசதி. இந்தியாவின் பிரேக் தலைநகர் என்றே சென்னையைச் சொல்லலாம். கிர்லிங் பிரேக்கைச் செய்ய 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் இரண்டும் சென்னைக் கம்பெனிகள். பழைய ஷூவைக் கொடுத்தால் நல்ல லைனிங் ஒட்டியோ ரிவெட் அடித்தோ தர ஆள் உண்டு. கேட்க வேண்டியது ஒன்று: லைனிங்கின் வளைவை உங்கள் டிரம்மின் வளைவுக்குக் கிரைண்ட் பண்ணித் தருவார்களா? டிரம்மைக் கடைந்த பிறகு அதன் விட்டம் கூடியிருக்கும். பழைய வளைவில் இருக்கும் ஷூ நடுவில் மட்டும் தொடும். புது லைனிங் போட்டும் பிரேக் முன்பைவிட மோசமாகத் தோன்றும். கடைவதற்கும் எல்லை உண்டு. விட்டத்தில் ஒன்றரை மி.மீ.க்கு மேல் எடுக்க வேண்டிய டிரம்மைத் தூக்கிப் போடுவதே நல்லது. மெலிந்த டிரம் சீக்கிரம் சூடாகும், மிதிக்கும்போது விரியும்.

டயரை யாரும் பிரேக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரேக் சக்கரத்தை மட்டுமே நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமலே ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். பழைய வேகன்ஆருக்குப் போட்ட 145/80 ஆர்13 அளவு ரேடியல் இதற்கும் பொருந்தும். டிஸ்க்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்; மழை நாளில் நிற்கும் தூரத்தில் டிஸ்க் தருவதைவிட அதிக வித்தியாசம் இதில் தெரியும்.

டிஸ்க் யாருக்கு

டிஸ்க்கின் உண்மையான பலம் சூட்டைத் தாங்குவது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது; பெடல் ஆழமாகப் போகிறது. டிஸ்க் சூடானால் பேடை நோக்கியே தடிக்கிறது, காற்றும் நேராகப் படுகிறது.

எவ்வளவு சூடு என்பதற்குச் சின்னக் கணக்கு. நான்கு பேரோடு 1,100 கிலோ எடையுள்ள ஹெரால்டு 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்கில் சேரும் ஆற்றல் ஏறக்குறைய 270 கிலோஜூல். அதே வண்டி உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். அதாவது 20,000 கிலோஜூலுக்கு மேல். 80-இலிருந்து எழுபத்தைந்து தடவை நின்றதற்குச் சமம். எஞ்சின் பிரேக்கிங்கும் காற்றும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும்தான். இரண்டாம் கியரில் இறங்கத் தெரிந்தவர் டிரம்மிலேயே சிரமமில்லாமல் இறங்குவார். நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவருக்கு டிஸ்க்கும் காவல் இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை கல்லட்டியின் 36 கொண்டை ஊசியிலோ கொல்லிமலையின் 70-இலோ குடும்பத்தோடு இறங்குவேன் என்கிறவருக்கு டிஸ்க் நியாயமான செலவு. சென்னைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் போய்வர அதே செலவைச் செய்வது அலங்காரம்.

போடுவதென்றால் இரண்டு வழி. ஒன்று, டிரையம்ப்பின் சொந்த டிஸ்க். இங்கிலாந்தில் ஹெரால்டு 12/50-க்குத் தொழிற்சாலையிலேயே முன் டிஸ்க் வந்தது. இதே முன் சஸ்பென்ஷன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1962-இல் பிறந்த நாளிலிருந்தே உண்டு. ஹப், டிஸ்க், காலிப்பர், பிராக்கெட் எல்லாம் ஒரே செட்டாக வாங்கினால் வெல்டிங், கடைசல் எதுவும் இல்லாமல் ஏறும். பிடிக்கவில்லை என்றால் டிரம்மைத் திரும்பப் பூட்டலாம். செலவு, டிரம்மை மேலே சொன்னபடி முழுதாகப் புதுப்பிப்பதைப் போலப் பல மடங்கு.

மற்றது, உள்ளூர்ப் பழைய மாருதி பாகங்களை வைத்து ஒட்டுப்போடுவது. மலிவு. காலிப்பர், பேட் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். இதற்கு நான் எதிரி. ஹப்பைக் கடைய வேண்டும், காலிப்பருக்குப் பிராக்கெட் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். பிரேக் அடிக்கும்போது வண்டியின் முழுத் திமிறலும் அந்த ஒரு வெல்டில்தான் இறங்கும். அழகாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதன் கணக்கைப் போட்டுப் பார்த்துச் செய்தவர் யார், "இந்த அளவு தகடு போதும் சார்" என்று செய்தவர் யார் என்பதைப் பெயிண்ட் அடித்த பிறகு உங்களால் சொல்ல முடியாது.

எந்த வழியானாலும் டிஸ்க் தனியாக வராது. ஷூவைப் போலத் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் குணம் டிஸ்க்குக்கு இல்லை, அதனால் கால் அழுத்தம் கூடும். காலிப்பர் அதிக ஆயில் கேட்கும், மாஸ்டரின் விட்டம் பொருந்த வேண்டும். டிரம்முக்கான மாஸ்டரில் மிச்ச அழுத்தம் பிடிக்கும் வால்வு இருந்தால் எடுத்தாக வேண்டும், இல்லையேல் பேட் உரசிக்கொண்டே இருக்கும். முன்னால் பலம் கூடியதும் முன்-பின் சமநிலை மாறும். ஹெரால்டில் இது கவனிக்க வேண்டியது; பின் ஆக்ஸில் இரண்டாகப் பிரிந்து ஊசலாடும் வகை. வளைவில் ஓங்கி பிரேக் அடித்தால் மூக்கு தாழ்ந்து பின்பக்கம் எழும், பின் சக்கரங்கள் உள்நோக்கி மடங்கிப் பிடிமானம் குறையும், வண்டியின் வால் வீசும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் இந்த வண்டியின் ஓட்டுமுறை. "டிஸ்க் இருக்கே" என்று வளைவுக்குள் போய் மிதிக்கிறவரை இந்த ஆக்ஸில் மன்னிக்காது.

சர்வோ வேண்டாம். அது கால் பலத்தைக் குறைக்கும், அவ்வளவே. நிற்கும் தூரத்தைக் குறைக்காது. ஒழுகும் சிலிண்டரை இன்னும் பலமாக ஒழுகவைக்கும். இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் அப்படியல்ல. டிஸ்க்கா, இரட்டைச் சர்க்யூட்டா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் இரட்டைச் சர்க்யூட்டையே எடுப்பேன். டிரம் சூடானால் பெடல் நீண்டு முன்கூட்டியே எச்சரிக்கும். வெடிக்கப்போகிற ஹோஸ் எதுவும் சொல்லாது. அமெரிக்காவுக்குப் போன பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் இந்த வகை மாஸ்டர் இருந்தது. வாங்கும் முன் பெடல் பெட்டி பொருந்துகிறதா, புஷ்ராட் நீளம் சரியா என்று தெரிந்தவரிடம் அளவு காட்டிக் கேளுங்கள். முன்-பின் பைப்பையும் பிரித்து ஓட்ட வேண்டும், ஆகவே பைப் மாற்றும் வேளையிலேயே இதையும் செய்துவிட்டால் ஒரே கூலி.

ஆர்சி புத்தகம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகளோ, 50 வயது கடந்த வண்டியில் சேஸி, உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. முன் டிஸ்க் இந்த மூன்றிலும் நேரடியாக வராது. சேஸியில் வெல்டு வைத்த ஒட்டுவேலை வரக்கூடும். விண்டேஜ் பதிவுக்கான 'விஏ' எண் வாங்க நினைப்பவர்கள், திருப்பிக் கழற்றக்கூடிய டிரையம்ப் செட்டை மட்டும் யோசியுங்கள். அந்த எண்ணில் அன்றாட ஓட்டமும் கிடையாது என்பது நினைவிருக்கட்டும். சாதாரணப் பதிவில் எஃப்சிக்குப் போகிறவர்கள், ஒட்டுவேலையைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரிடமும் விளக்க வேண்டியிருக்கும். நன்றாகப் பிடிக்கிற பழைய டிரம்முக்கு யாரிடமும் விளக்கம் தேவையில்லை.

கடைசியாக ஆயில்

பிரேக் ஆயில் டாட் என்ற தர எண்ணோடு வரும். டாட் 3 கொதிநிலை புதிதாக 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4-க்கு 230, 155. சிலிக்கான் வகையான டாட் 5-க்கு 260, 180. ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டை அரிக்காது. காகிதத்தில் சிலிக்கான்தான் ஜெயிக்கிறது. ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அதைச் சிபாரிசு செய்கிறவர்கள் பலர். ஆனால் அது மற்றதோடு கலக்கவே கூடாது, பெடலும் சற்று மெத்தென்று இருக்கும். விழுப்புரம் தாண்டி ரிசர்வாயர் குறைந்து ஒரு பட்டறையில் நிறுத்தினால், அங்கே இருப்பது டாட் 3 டப்பாதான். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஊற்றியிருப்பார்கள். அதனால் நம் ஊருக்கு டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றம். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் வகையறா ஒரு சொட்டுக்கூட ரிசர்வாயரைத் தொடக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும், மேலே சொன்ன அத்தனை வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

ஹெரால்டுக்குப் பின் 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் வாங்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். பின்னால் ஊசல் ஆக்ஸிலுக்குப் பதில் ஒரே துண்டு ஆக்ஸில் என்பதால் வளைவில் வால் வீசும் கவலை மட்டும் குறைவு. பாகம் தேடும்போது ஹெரால்டு என்றோ ஸ்பிட்ஃபயர் என்றோ பெயர் சொல்லி ஆர்டர் போடாமல், கழற்றிய பாகத்தைக் கையில் வைத்து அளந்து போடுங்கள்.